பாற்பல் வேர்ச் சிகிச்சையில் இயற்கை மருந்தா, இரசாயனமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருகோணமலையில் பல் கிளினிக் வாங்குகளில் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருக்கும் பெற்றோர் திரும்பத் திரும்பக் கேட்பவை இவை. வேர்ச் சிகிச்சை என்பது பல்லின் வேருக்குள் கெட்டுப்போன நரம்பை எடுத்து, உள்ளே திரவத்தால் கழுவி, பசை நிரப்பி மூடுவது; கழுவும் அந்தத் திரவம் மூலிகையா, இரசாயனமா என்பதே இங்கே பேச்சு. கேள்விகளைக் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே விட்டிருக்கிறோம். ஒருமுறை சொன்னதை மறுபடி சொல்லாமல் இலக்கம் போட்டிருக்கிறோம். பின்னால் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.

1. "விழப்போற பல்லுத்தானே, புடுங்கி எறிஞ்சா முடிஞ்சுது. அதுக்கு என்னத்துக்கு வேர்ச் சிகிச்சை?"

முன்பல் என்றால் பல நேரம் நீங்கள் சொல்வது சரிதான். கொடுப்புப் பல்லில்தான் கணக்கு மாறும். இரண்டாவது பாற்கொடுப்புப் பல் விழுவது 10 வயதுக்கும் 12 வயதுக்கும் இடையில். அதை 5 வயதில் பிடுங்கிவிட்டால், 6 வயதளவில் அதற்குப் பின்னால் முளைக்கும் நிலையான கொடுப்புப் பல் முன்னுக்குச் சாய்ந்து வந்து காலியிடத்தைப் பிடித்துவிடும். அடியில் காத்திருக்கும் பல்லுக்கு வழி அடைபடும். இடத்தைக் காக்கக் கம்பி வளையம் போடலாம். அதற்கும் செலவும் கவனிப்பும் வேண்டும்.

அதற்காக எல்லாப் பல்லையும் காப்பாற்றப் பார்ப்பதும் பிழை. வேர் பெருமளவு கரைந்துவிட்டால், பல் நன்றாக ஆடினால், பல்லை மூடும் உலோக உறை போட முடியாத அளவுக்கு மேற்பகுதி உடைந்திருந்தால் பிடுங்குவதே நல்லது. எக்ஸ்ரே பார்க்காமல் இதைச் சொல்ல முடியாது. இன்னொன்று: நரம்பின் மேற்பகுதி மட்டும் கெட்டிருந்தால் அந்தப் பகுதியை மட்டும் வெட்டி மருந்து வைத்து மூடுவார்கள். கீழே வருவதெல்லாம் வேருக்குள் இருக்கும் நரம்பும் கெட்டுப்போன பல்லைப் பற்றியது.

2. "கம்பியால சுரண்டி எடுக்கிறாங்கதானே, பிறகு என்ன தண்ணி?"

கீழ்க் கொடுப்புப் பாற்பல்லுக்கு வேர் இரண்டு, உள்ளே குழாய் பெரும்பாலும் மூன்று, சிலருக்கு நாலு. மேற்பல்லுக்கு வேர் மூன்று. அந்தக் குழாய்கள் பென்சில் துளை மாதிரி வட்டமாக இருப்பதில்லை. நாடா மாதிரித் தட்டை. இடையிடையே ஒன்றோடொன்று ஒட்டும், பக்கத்தில் கிளை விடும், வேர்கள் பிரியும் கவட்டுக்குள்ளும் நுண்துளைகள் இறங்கும். கம்பி, அதாவது ஃபைல், நடுவால் போய்வரும். அது தொடாத சுவரில் நரம்பின் கிழிசலும் கிருமிப் படலமும் அப்படியே இருக்கும். அதைக் கரைத்துக் கழுவி வெளியே கொண்டுவருவது தண்ணீரின் வேலை.

எந்தத் திரவத்திடமும் மூன்றைக் கேட்கவேண்டும். செத்த நரம்பைக் கரைக்கிறதா? சுவரில் படலமாய் ஒட்டியிருக்கும் கிருமியைக் கொல்கிறதா? வேர் நுனியால் வெளியே கசிந்தால் எவ்வளவு தீங்கு? மூன்றிலும் முழுப் புள்ளி வாங்குகிற திரவம் ஒன்றும் இல்லை, இரசாயனத்திலும் இல்லை, மூலிகையிலும் இல்லை.

3. "உள்ள விடுறது குளோரொக்ஸ் மணக்குது. உடுப்பு வெளுக்கிற சாமானையா பிள்ளையிட வாய்க்குள்ள விடுறாங்க?"

மணம் பொய் சொல்லவில்லை. அது சோடியம் ஹைப்போகுளோரைட். உடுப்பு வெளுக்கும் தண்ணீரிலும் அதுதான் மூலப்பொருள். ஆனால் கடைப் போத்தலில் வாசனையும் வேறு சேர்மானங்களும் இருக்கும், அதனால் சிகிச்சைக்கென்று தயாரித்ததையே எடுக்கவேண்டும். பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் 1% முதல் 2.5% வரை. 5% கரைசலில் ஒரு பங்குக்கு நாலு பங்கு தூய நீர் சேர்த்தால் 1% கிடைக்கும். முதலாம் உலகப் போரில், 1915 அளவில், ஹென்றி டாகின் என்ற வேதியியலாளர் படைவீரர்களின் சீழ்ப்புண் கழுவ இதையே 0.5% அளவில் பயன்படுத்தினார்.

இதை இன்னும் கைவிடாததற்குக் காரணம், 2ஆம் கேள்வியின் முதல் வேலையை, அதாவது செத்த நரம்பைக் கரைப்பதை, இது செய்கிற மாதிரி வேறு எதுவும் செய்வதில்லை. பல்லைத் திறந்து ஒரு துளி விட்டால் நுண்ணிய நுரை கிளம்பும், தண்ணீர் கலங்கும். உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதிதாக விட, நுரை கொஞ்சம் குறையும். தசைத் துணுக்கோடு வினைபுரிய அதிலுள்ள குளோரின் தீர்ந்துபோகும், அதனால் ஒரு தடவை விட்டுவிட்டு இருந்தால் பயனில்லை. ஒவ்வொரு ஃபைலுக்குப் பிறகும் 1 மி.லீ. அளவில் மாற்றி மாற்றி விடவேண்டும்.

நம் ஊர் வெயிலுக்கு ஒரு சொல்: ஹைப்போகுளோரைட் வெளிச்சத்திலும் சூட்டிலும் வீரியம் இழக்கும். யன்னலோரத்தில் வெள்ளைப் போத்தலில் மாதக்கணக்காக இருந்தது மணக்கும், வேலை செய்யாது. கறுப்போ மண்ணிறமோ ஆன போத்தலில், குளிர்ந்த இடத்தில் வைத்து, ஐதாக்குவதை அன்றன்று செய்யவேண்டும்.

4. "அது வேருக்கு வெளியால போனா? அடியில புதுப்பல்லு இருக்குதே!"

இந்தப் பயம் நியாயமானது. பாற்பல்லின் வேர் இயல்பாகவே கரைந்துகொண்டு போவது. நுனி அகன்றிருக்கும், அதன் கீழேயே நிலையான பல்லின் முளை. ஹைப்போகுளோரைட் அழுத்தத்தோடு வெளியே போனால் அந்த நொடியே கடும் வலி, சில நிமிடத்தில் வீக்கம், பிறகு கன்னத்தில் கண்டிப்போன நீலம். இது அரிது. ஆனால் நடந்தால் அதன் காரணம் பெரும்பாலும் கையில் இருக்கும், போத்தலில் அல்ல.

தடுப்பது இப்படி. எக்ஸ்ரேயில் வேரின் நீளத்தை அளந்து, அதைவிட 2 மி.மீ. குறைவாக ஊசியில் றப்பர் வளையத்தை நிறுத்திக்கொள்வார்கள். ஊசி 27 அல்லது 30 கேஜ், நுனி அடைத்து பக்கவாட்டில் துளை உள்ளது. திரவம் நேரே கீழே பீச்சாது. குழாய்க்குள் ஊசி இறுகக்கூடாது, மேலும் கீழும் அசைந்தபடியே இருக்கவேண்டும், திரவம் பின்னால் திரும்பி வர இடம் வேண்டும். தள்ளுவது கட்டைவிரலால் அல்ல, சுட்டுவிரலால். பலம் தானாகக் குறையும். ஊசி சிறிஞ்சோடு திருகிப் பூட்டுவதாக இருக்கவேண்டும், வெறுமனே செருகினது கழன்று கண்ணுக்குத் தெறிக்கலாம். சிறிஞ்சில் பெயர் ஒட்டுவது சின்ன விஷயம் மாதிரித் தெரியும். ஹைப்போகுளோரைட்டும் சேலைனும் (தொற்று நீக்கிய உப்புத் தண்ணீர்) பார்வைக்கு ஒரே நிறமில்லாத தண்ணீர். மாறி எடுத்ததால் வந்த விபத்துகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன.

நடந்துவிட்டால் உடனே நிறுத்தி, உறிஞ்சி, சேலைனால் நிறையக் கழுவி, இரத்தம் கசிந்தால் கசிய விடுவார்கள். முதல் நாள் குளிர் ஒத்தடம், மறுநாளிலிருந்து இளஞ்சூட்டு ஒத்தடம், வலிக்கு மருந்து. வீக்கம் கண்ணுக்கோ கழுத்துக்கோ ஏறினால் வைத்தியசாலை. அடியிலுள்ள புதுப்பல்லைப் பற்றிச் சொன்னால், அதன் மேற்பூச்சைக் கெடுத்து மஞ்சள், மண்ணிறப் புள்ளிகளோடு முளைக்க வைப்பது பெரும்பாலும் ஆற்றாமல் விட்ட சீழ்தான்.

5. "வாய் கொப்பளிக்கிற குளோர்ஹெக்சிடின் இருக்குதே, அதை விடலாமே?"

விடுகிறார்கள். கொப்பளிக்கக் கடையில் வாங்குவது 0.12% அல்லது 0.2%, வேருக்குள் விடுவது 2%. கிருமிக்கு நல்லது, பல்லின் சுவரில் ஒட்டி நின்று கொஞ்சக் காலம் வேலை செய்யும், தசையை ஹைப்போகுளோரைட் அளவுக்கு எரிக்காது. ஆனால் நரம்பைக் கரைக்கவே கரைக்காது. வேர் நுனி மிக அகன்ற பல்லில், ஹைப்போகுளோரைட்டுக்குப் பயப்படவேண்டிய இடத்தில், இது நல்ல தெரிவு. சிலருக்குக் கடும் ஒவ்வாமை வரும், அரிதுதான்; முன்பு ஏதாவது மருந்தில் பிள்ளைக்குத் தடித்தோ மூச்சிழுத்தோ இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள்.

6. "ரெண்டையும் கலந்து விட்டா இரட்டைப் பலன்தானே?"

வேண்டாம். ஹைப்போகுளோரைட்டும் குளோர்ஹெக்சிடினும் சந்தித்த கணமே செங்கல் நிறத்தில் ஒரு படிவு உண்டாகும். அது குழாயை அடைக்கும், பல்லில் கறை பிடிக்கும், அதில் தீங்கான பொருள் உண்டா என்ற விவாதமும் இருக்கிறது. இரண்டும் தேவையென்றால் நடுவில் சேலைனால் நன்றாகக் கழுவி, காகிதக் கூரால் (ஈரம் உறிஞ்சும் மெல்லிய காகிதக் குச்சி) ஈரத்தை எடுத்துவிட்டுத்தான் மற்றது.

7. "அப்ப சும்மா உப்புத் தண்ணியால கழுவினா என்ன? கன்னியா வெந்நீர் நல்லது எண்டு அம்மம்மா சொல்லுறா."

0.9% சேலைன் தசைக்கு ஒரு கெடுதியும் செய்யாது. கிருமிக்கும் ஒன்றும் செய்யாது. துணுக்கைக் கழுவி எடுக்கும், அவ்வளவுதான். கிருமி கொல்லாத திரவத்தால் மட்டும் கழுவினால் போதாது என்று அமெரிக்கக் குழந்தைகள் பல் மருத்துவக் கழகத்தின் வழிகாட்டி வெளிப்படையாகச் சொல்கிறது. 1% முதல் 5% வரையான ஹைப்போகுளோரைட்டையோ குளோர்ஹெக்சிடினையோ அது கேட்கிறது.

கன்னியாவின் ஏழு கிணறுகளும் குளிக்க நல்லவை. தொற்று நீக்காத எந்தத் தண்ணீரையும், கிணற்றுத் தண்ணீரோ கடல் தண்ணீரோ, வேருக்குள் விட்டால் புதிய கிருமியை நாமே இறக்கிவிட்டதாகும்.

8. "இயற்கை மருந்து எண்டு எதைச் சொல்லுறாங்க? உண்மையில ஏதாவது வேலை செய்யுதா?"

ஆய்வுகளில் அதிகம் வருபவை: திரிபலா (கடுக்காய், தான்றிக்காய், நெல்லிக்காய்), பச்சைத் தேயிலையின் பொலிபீனோல், நோனிப் பழச்சாறு, வேப்பிலை, கற்றாழை, மஞ்சள், தேன்கூட்டுப் பிசினான புரோபொலிஸ், பல் துலக்கும் குச்சியான மிஸ்வாக். இவற்றுள் பல கிருமியைக் கொல்லும் என்பது உண்மை. பிடுங்கின பல்லுக்குள் எண்டெரோகொக்கஸ் ஃபீகலிஸ் என்ற பிடிவாதக் கிருமியை வாரக்கணக்காக வளர்த்து, அதன்மேல் இவற்றை விட்டுப் பார்க்கும்போது திரிபலாவும் பச்சைத் தேயிலையும் நன்றாகவே நின்றன. நோனிச் சாற்றுக்குப் பிறகு ஈடிடிஏ என்ற இரசாயனக் கரைசலை விட்டால், சுரண்டும்போது சுவரில் அப்பும் மாப்படலம் ஹைப்போகுளோரைட்டுக்குச் சமமாகப் போனது என்றும் ஆய்வுக்கூடத்தில் கண்டிருக்கிறார்கள்.

பிள்ளைகளிடம் நேரடியாகச் செய்த ஆய்வுகளும் உண்டு, சிறியவை. பெரும்பாலும் சிகிச்சைக்கு முன்னும் பின்னும் காகிதக் கூரால் ஈரத்தை எடுத்துக் கிருமியை எண்ணுகிறார்கள். அன்றைக்குக் கிருமி குறைந்தது என்பதும், பல் இரண்டு வருடம் சீழ் பிடிக்காமல் நின்றது என்பதும் ஒன்றல்ல. பெற்றோருக்கு வேண்டியது இரண்டாவது.

9. "ஆய்வில நல்லம் எண்டா, இங்க ஏன் திரிபலா விடுறாங்க இல்லை?"

முதல் காரணம், 2ஆம் கேள்வியின் முதல் வேலை. மூலிகைச் சாறுகள் செத்த நரம்பைக் கரைப்பதில் ஹைப்போகுளோரைட்டுக்குக் கிட்டவும் வருவதில்லை. கிருமியைக் கொன்றாலும், அது தின்று வளர்கிற இரையை உள்ளே விட்டுவிடுகிறோம்.

இரண்டாவது, எந்தத் திரிபலா? ஆய்வில் விட்டது கடைத் தூள் கலக்கின தண்ணீர் இல்லை. திரிபலா தண்ணீரில் முழுதாகக் கரையாது. சில ஆய்வுகளில் 10% டைமெத்தில் சல்ஃபொக்சைட்டில் கரைத்திருக்கிறார்கள், வேறு மூலிகைகளுக்கு எதனோல் சாறு. ஆக, "இயற்கை" என்ற அந்தப் போத்தலுக்குள்ளும் ஒரு இரசாயனம் இருக்கிறது. காய் எந்தப் பருவத்தில் பறித்தது, எப்படி உலர்த்தியது என்பதைப் பொறுத்து வீரியம் மாறும். ஹைப்போகுளோரைட் 1% என்றால் கொழும்பிலும் மூதூரிலும் ஒன்றே. கசாயத்துக்கு அந்த உத்தரவாதம் கிடையாது. கடுக்காயின் துவர்ப்பு பல்லில் கறையும் பிடிக்கும், கடுக்காய் மையும் சாயமும் செய்த காயல்லவா.

10. "வீட்டில நல்லாக் காய்ச்சி வடிச்சுக் கொண்டு வந்தா விடுவீங்களா?"

இல்லை. காய்ச்சினால் பெரும்பாலான கிருமி சாகும். ஆறவைத்து, துணியில் வடித்து, போத்தலில் ஊற்றி, நிலாவெளியிலிருந்து பஸ்ஸில் கொண்டுவருவதற்குள் புதியது சேர்ந்துவிடும். வடியாத நுண்தூள் 0.3 மி.மீ. அகலம்கூட இல்லாத குழாயை அடைக்கும்.

11. "இயற்கை எண்டா பக்கவிளைவு இல்லைத்தானே?"

இந்த நம்பிக்கையால் வரும் கெடுதி வேர்ச் சிகிச்சையில் குறைவு, வீட்டில்தான் கூட. கராம்பெண்ணெய் ஒரு துளி பஞ்சில் தொட்டு வைப்பது வேறு. போத்தலைப் பிள்ளை குடிப்பது வேறு. 5 முதல் 10 மி.லீ. குடித்த சிறு பிள்ளைகளுக்கு வலிப்பும் ஈரல் பாதிப்பும் வந்திருக்கின்றன. வேப்பெண்ணெயை உள்ளுக்குக் கொடுத்த கைக்குழந்தைகள் வாந்தி, வலிப்பு, மூளை வீக்கம் என்று வைத்தியசாலைக்குப் போயிருக்கிறார்கள். இரண்டு போத்தலையும் கைக்கெட்டாத தட்டில் வையுங்கள்.

புரோபொலிஸ் தேனீயிலிருந்து வருவது, ஒவ்வாமை உள்ள பிள்ளைக்கு ஆகாது. பூண்டை நசுக்கி முரசில் வைத்துக் கட்டினால் வெந்த புண் வரும். அஸ்பிரின் குளிசையை வைத்தாலும் அப்படியே. அஸ்பிரினைப் பிள்ளைக்குக் கொடுக்கவே கூடாது.

12. "மிஸ்வாக்கும் நோனியும் பல்லுக்கு நல்லம் எண்டு சொல்லுறாங்களே, கொடுத்தா வேர்ச் சிகிச்சை தேவைப்படாதா?"

மிஸ்வாக் குச்சியால் ஒழுங்காகத் துலக்கினால் பல்லில் அழுக்குப் படலம் குறையும், நல்ல பழக்கம். புளோரைட் பற்பசையையும் விடவேண்டாம். ஆனால் சூத்தை நரம்பைத் தொட்ட பிறகு கிருமி இருப்பது பல்லின் உள்ளே. துலக்குவதும் கொப்பளிப்பதும் வெளியே. பூட்டின வீட்டுக்குள் திருடன், நாம் முற்றத்தைக் கூட்டுகிறோம்.

6 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு எந்தக் கொப்பளிப்பும் கொடுக்கவேண்டாம், மூலிகையும்தான். துப்பாமல் விழுங்கிவிடுவார்கள்.

13. "சித்த வைத்தியரிட்டயும் காட்டுறம். ரெண்டையும் சேர்த்துச் செய்யலாமா?"

சேர்த்துச் செய்யலாம், இருவருக்கும் சொல்லிவிட்டு. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்திலேயே சித்த மருத்துவம் கற்பிக்கிறார்கள், அது நம் ஊருக்கு அந்நியமல்ல. முரசு வீக்கத்துக்கும் வாய்ப்புண்ணுக்கும் அவர்கள் தருவது பல் சிகிச்சைக்குக் குறுக்கே நிற்காது. ஒன்றை மட்டும் தவிருங்கள்: சூத்தைக் குழிக்குள் தூளோ பசையோ இறுக்கி அடைப்பது. சீழ் வெளியேறும் வழி மூடப்பட்டு, இரவில் கன்னம் வீங்கும்.

14. "ஒரு கிளினிக்கில 'நாங்க இயற்கை மருந்துதான் விடுறம்' எண்டு சொன்னாங்க. நம்பலாமா?"

பதிலுக்கு நாலு கேள்வி கேளுங்கள். தயாரித்தது யார், எத்தனை சதவீதம்? எதில் கரைத்தது? தொற்று நீக்கியதா? நரம்பைக் கரைக்க வேறு என்ன விடுகிறீர்கள்? "முதலில் ஹைப்போகுளோரைட், கடைசியாக மூலிகை" என்றால் பேசலாம். "முழுக்க மூலிகை" என்றால் 9ஆம் பதிலைப் பாருங்கள்.

எங்கள் அபிப்பிராயத்தில், எந்தப் போத்தல் என்பதைவிட "றப்பர் டாம் போடுவீங்களா?" என்று கேட்பது பயனுள்ளது. சிகிச்சை செய்யும் பல்லை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு வாயை மூடுகிற றப்பர் விரிப்பு அது. திரவம் தொண்டைக்குப் போகாது, எச்சில் பல்லுக்குள் போகாது, ஃபைல் கைதவறினால் பிள்ளை விழுங்காது. விரிப்பைப் பல்லில் பிடித்து நிறுத்தும் கொக்கியை மாட்டியபின் முதலில் சேலைனைச் சுற்றி விட்டுக் கசிவு பார்த்து, கசிந்தால் அடைத்துவிட்டுத்தான் ஹைப்போகுளோரைட் எடுப்பது நல்ல கைப்பழக்கம்.

15. "பிள்ளை றப்பர் போட விடுறானே இல்லை. அப்ப லேசான மருந்தா விடச் சொல்லலாமா?"

இது சிக்கலான இடம். விரிப்பு இல்லாமல், தலையை ஆட்டும் பிள்ளைக்கு ஹைப்போகுளோரைட் விடுவது சரியல்ல. சேலைனை மட்டும் விட்டு முடிப்பது அரைகுறை வேலை. அன்றைக்குப் பல்லைத் திறந்து சீழை வடியவிட்டு, தற்காலிக மருந்து வைத்து அனுப்பி, இரண்டாம் முறை பழக்கிச் செய்வது ஒரு வழி. விரிப்பைக் கையில் கொடுத்து, "பல்லுக்கு மழைக்கோட்டு" என்று சொல்லி இழுத்துப் பார்க்க விட்டால் பல பிள்ளைகள் இணங்கிவிடும். முடியவே முடியாவிட்டால் குளோர்ஹெக்சிடின், நல்ல உறிஞ்சு குழாய். பல் மிகவும் கெட்டிருந்தால் பிடுங்குவது பற்றியும் பேசவேண்டும். பலூன் ஊதினாலே உதடு தடிக்கும் பிள்ளை என்றால் லேடெக்ஸ் (இயற்கை றப்பர்) இல்லாத விரிப்புக் கேளுங்கள்.

16. "இது எங்க செய்யலாம், காசு எவ்வளவு?"

13 வயது வரையான பிள்ளைகளை முதலில் பாடசாலைப் பல் சிகிச்சை நிலையத்தில் காட்டலாம். வேர் வரை போகவேண்டிய பல்லை அங்கிருந்து பல் வைத்தியருக்கு அனுப்புவார்கள். திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலை போன்ற அரச வைத்தியசாலைகளில் சிகிச்சை இலவசம். தனியாரில் தொகை இடத்துக்கு இடம் மாறும். வேர்ச் சிகிச்சையும் உறையும் சேர்த்து எவ்வளவு என்று கேளுங்கள், உறை இல்லாத விலை பாதி விலைதான்.

17. "செய்து வந்த இரவு நோகுது எண்டு அழுறான். மருந்து ஒத்துக்கொள்ளேல்லையோ?"

ஒன்றிரண்டு நாள் கடிக்கும்போது நோவது வழக்கம். பரசிற்றமோல் கிலோவுக்கு 15 மி.கி.; 16 கிலோ பிள்ளைக்கு 240 மி.கி., 5 மி.லீ.யில் 120 மி.கி. உள்ள பாணி என்றால் 10 மி.லீ. ஆறு மணித்தியாலத்துக்கு ஒருமுறை, நாளுக்கு நாலு தடவைக்கு மேல் வேண்டாம். போத்தலின் அளவைப் படித்துவிட்டு ஊற்றுங்கள், எல்லாப் பாணியும் ஒரே வீரியமில்லை. விறைப்பு விடும்வரை உதட்டைக் கடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கன்னம் வீங்கிக் காய்ச்சல், கண் மூடுகிற வீக்கம், வாய் திறக்கவோ விழுங்கவோ முடியாமை என்றால் விடியும்வரை காத்திருக்காமல் வைத்தியசாலைக்குப் போங்கள்.

18. "போன வருசம் செய்த பல்லில திரும்ப முரசில கட்டி. இயற்கை மருந்து விட்டிருந்தா இப்படி வந்திருக்காதோ?"

கழுவின திரவத்தைக் குற்றம் சொல்லுமுன் பல்லின் மேற்புறத்தைப் பாருங்கள். துருப்பிடிக்காத உருக்கு உறை போடாமல் வெறும் அடைப்போடு விட்ட பல்லா? அடைப்பின் ஓரம் விரிசல் விட்டு எச்சில் இறங்கினால் உள்ளே எதைவிட்டுக் கழுவியிருந்தாலும் கிருமி திரும்பும். அடுத்து, தவறவிட்ட நாலாவது குழாய். பிறகுதான் கழுவல்: வீரியம் போன ஹைப்போகுளோரைட், அல்லது அவசரத்தில் இரண்டு சிறிஞ்சோடு முடித்த வேலை.

வேருக்குள் நிரப்பின பசையை எக்ஸ்ரேயில் பாருங்கள். கல்சியம் ஹைட்ரொக்சைட்டும் அயடோஃபோமும் கலந்த பசை வேரோடு சேர்ந்து கரைவது இயல்பு, அது காணாமல் போனது மட்டும் கோளாறல்ல. வேர்களின் கவட்டுக்குள் எலும்பு கறுத்துத் தெரிந்தால் அந்தப் பல்லைப் பிடுங்கி, 1ஆம் பதிலில் சொன்ன கம்பி வளையத்தைப் போடுவதுதான் மிச்சம்.